தன்பதிவேடும் டிக்கெட்டும்

டிக்கெட் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு மதுரை தங்கம் தியேட்டரும் பாண்டியன் பஸ் கண்டக்டரும்தான் நினைவுக்கு வருவார்கள். இன்று கம்ப்யூட்டர் அலுவலகங்களில் டிக்கெட் என்றால் புகார்ச் சீட்டு. "என் மெஷின் ஓடவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஒரு எண் போட்டு, ஒரு ஆளிடம் ஒப்படைத்து, முடிகிற வரை கணக்கு வைப்பது. இந்தக் கணக்கை வைக்கும் மென்பொருளுக்கு ஹெல்ப் டெஸ்க் சாஃப்ட்வேர் என்று பெயர்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியும். பழைய பிரெஞ்சில் 'எத்திகெத்' என்றால் ஒட்டி வைக்கும் குறிப்புச் சீட்டு. ஆங்கிலேயர்கள் தலையை வெட்டிவிட்டு 'டிக்கெட்' ஆக்கினார்கள். மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டை பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் எத்திகெத் என்றுதான் சொல்கிறார்கள். மரியாதை முறையைக் குறிக்கும் 'எடிக்கெட்' அதே வயிற்றுப் பிள்ளை. ஆக, புகாரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பதுதான் டிக்கெட். பழைய அர்த்தத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், மகள் வயிற்றுப் பேரன் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறான். ஒன்பது பேர் கொண்ட பிரிவு. வார்டில் கம்ப்யூட்டர் நின்றால், லேப் ரிசல்ட் திரையில் வராவிட்டால், பில் போடும் இடத்தில் பிரிண்டர் மக்கர் செய்தால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இதுவரை போனிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஓடியது. "யாரும் எதையும் மறக்காதபடி ஒரு சாஃப்ட்வேர் பாருங்கள்" என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிக்கு வந்தவன் ஐந்தாறு கம்பெனிகளின் விவரத் தாள்களைக் கட்டிலில் பரப்பினான். "தாத்தா, நீங்க 34 வருஷம் மனு வாங்கினவங்க. இதைப் படிச்சுப் பாருங்க" என்றான்.

படித்தேன். கம்ப்யூட்டர் எனக்குப் பேத்திக்குப் பணம் அனுப்பும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தத் தாள்களில் இருந்ததில் பெரும்பகுதி எனக்குப் பழகிய சரக்காக இருந்தது.

வருவாய்த் துறையிலோ கலெக்டர் ஆபீஸிலோ வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை மாகாணத்து அலுவலகங்களில் தாள் நடமாடும் முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். அப்பெயர் கொண்ட வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வந்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பின்னும் அதன் எலும்புக்கூடு நம் அலுவலகங்களில் நிற்கிறது. தபாலில் ஒரு மனு வந்தால் முத்திரை குத்தி, பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றி, எந்த இருக்கைக்கு என்று எழுதுவார்கள். அ2, ஆ3 என்று ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு இருக்கைக் குறி. எழுத்தர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றுவார். என்று வந்தது, யாரிடமிருந்து, எதைப் பற்றி, என்ன செய்தோம், யாருக்கு எழுதினோம், எத்தனை நினைவூட்டு போனது, எப்படி முடிந்தது என்று வரிசையாகக் கட்டங்கள். முடிந்த எண்ணை எங்கள் அலுவலகத்தில் சிவப்பு மையில் வட்டமிடுவோம். கண்காணிப்பாளர் குறித்த நாளில் பதிவேட்டை வாங்கிப் புரட்டுவார். வட்டமில்லாத எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

பேரனின் தாள்களில் 'அசைன்' என்று இருந்தது, அது பகிர்மானம். 'ஏஜெண்ட்' என்று இருந்தது. அது அ2 இருக்கைக்காரர், நம்மைப் போல ஒரு குமாஸ்தா. 'நாலெட்ஜ் பேஸ்' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். சுற்றறிக்கைகளையும் அரசாணைகளையும் கோத்து வைத்திருப்போமே, அந்த இருப்புக் கோப்பு. 'எஸ்கலேஷன்' என்றால் பதில் வராதபோது மேலதிகாரி பெயர் போட்டு எழுதும் நேர்முகக் கடிதம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது 'பிரைவேட் நோட்'. புகார் சொன்னவருக்குத் தெரியும் பதில் ஒரு பக்கம், ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு இன்னொரு பக்கம். நம் கோப்பில் நடப்புப் பக்கம் தனி, குறிப்புப் பக்கம் தனி. அதை நூல் போட்டுக் கட்டினோம், இவர்கள் மஞ்சள் வண்ணம் அடித்துக் காட்டுகிறார்கள்.

நம் முறையிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. புகாரைக் கணக்கு வைக்க வேண்டிய கட்டாயம் வந்த இடத்திலெல்லாம் இதே கட்டங்கள் தாமாக முளைத்திருக்கின்றன. டெலிபோன் இலாகாவில் 198-ஐச் சுழற்றினால் டாக்கெட் நம்பர் கொடுத்தார்களே, அது என்ன? அதுவும் டிக்கெட்தான். இப்போது முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் சொன்னாலும் கைப்பேசிக்கு ஒரு எண் வருகிறது.

கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கான விதிமுறையை முதலில் ஒழுங்காக எழுதி வைத்ததே ஒரு அரசாங்க அலுவலகம் என்பது நம் போன்றவர்களுக்குச் சந்தோஷமான செய்தி. பிரிட்டிஷ் அரசின் கம்ப்யூட்டர், தொலைத்தொடர்பு முகமை 1989 முதல் வரிசையாகப் புத்தகங்கள் வெளியிட்டது. 'ஐடிஐஎல்' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது அதைத்தான். அதில் ஒரு பாகுபாடு இருக்கிறது, மிக நுட்பமானது. ஒரு பிரிண்டர் இன்று நின்றால் அது 'இன்சிடென்ட்', ஒரு சம்பவம். அதே பிரிண்டர் வாரத்துக்கு மூன்று தடவை நின்றால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அது 'பிராப்ளம்'. சம்பவத்தை ஒருவர் முடிக்கலாம். காரணத்தை வேறொருவர் தனியாகத் தேட வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு அம்மாள் ஞாபகம் வந்தார். நான் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அலுவலகத்தில் நடந்தது. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வரவில்லை என்று மனு கொடுத்தார். மனுவைப் பணிப்பதிவேடு இருந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று அவருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். போட்டவுடன் நம் பதிவேட்டில் எண் முடிந்தது, சிவப்பு வட்டம். நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார். புது மனு, புது எண், அதே பதில், அதே வட்டம். ஏறக்குறைய ஒன்றே கால் வருஷத்தில் நான்கு எண்கள், நான்கு வட்டங்கள். மாதாந்திர நிலுவைப் பட்டியலில் அந்த இருக்கைக்கு நிலுவை பூஜ்யம், பாராட்டுகூட வந்தது. அந்த அம்மாளுக்கு வந்த பணமும் பூஜ்யம்தான்.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டும்போது ஒரே பெயர் நான்கு இடத்தில் கண்ணில் பட்டது. நான்கையும் வரவழைத்து ஒன்றாகக் கட்டினார். கணவரின் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து ஒரு ஆவணத்தில் 'மு', இன்னொன்றில் 'மூ'. அவ்வளவுதான் வியாதி. ஆளை நேரில் அனுப்பி ஒரே பிற்பகலில் சரி செய்தார்கள். நான்கு சம்பவங்கள், ஒரே காரணம். தனித்தனியாகப் பார்த்த வரை யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

ஆகவே பேரனிடம் நான் முதலில் கேட்டது விலையை அல்ல. "முடிந்தது என்று யார் சொல்வார்கள்? நீங்களா, புகார் கொடுத்த நர்ஸா?" என்றுதான் கேட்டேன். பையன் யோசித்தான். "நாங்க மூடுவோம் தாத்தா. அவங்க ரெண்டு நாளுக்குள்ள பதில் போட்டா தானா திறந்துக்கும்" என்றான். "மறுபடி திறந்ததை யாராவது எண்ணுவார்களா?" என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் தாள்களை மறுபடி புரட்டினோம். பல மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்டுவது எத்தனை மூடினோம், எவ்வளவு சீக்கிரம் மூடினோம் என்பதைத்தான். எதைப் பெரிய எழுத்தில் காட்டுகிறோமோ அதற்காகத்தான் ஆட்கள் வேலை பார்ப்பார்கள். நிலுவைப் பட்டியல் எழுதியவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு பழைய தந்திரமும் புது உருவத்தில் இருக்கிறது. இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடிகாரம் ஓடும். புகார்தாரரிடம் விவரம் கேட்டு 'பெண்டிங்' என்று போட்டுவிட்டால் கெடிகாரம் நின்றுவிடும்படி வைத்துக்கொள்ளலாம். "கூடுதல் விவரங்களுடன் மீளச் சமர்ப்பிக்க" என்று எழுதி மாலை ஐந்து மணிக்கு மனுவைத் திருப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரன் சிரித்தான். அவன் பிரிவிலும் அப்படி ஒரு புத்திசாலி இருக்கிறானாம்.

இந்த மென்பொருள்களின் சரித்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு இரண்டு ஆச்சரியங்கள். இலவசமாகப் பொதுவில் கிடைப்பவற்றில் மூத்தது ஒன்று 'ரெக்வெஸ்ட் டிராக்கர்'. அமெரிக்காவில் ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற கல்லூரி மாணவர் 1996-இல் எழுதியது. பிறகு ஜெர்மனியிலிருந்து 'ஓடிஆர்எஸ்'. என் முதல் ஆச்சரியம் 'ஜிஎல்பிஐ'. அது பிரெஞ்சுப் பெயர்! 'ழெஸ்தியோனேர் லீப்ர் து பார்க் ஆன்ஃபொர்மத்தீக்' என்பதன் சுருக்கம். அலுவலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் சாதனங்கள் அத்தனையையும் நிர்வகிக்கும் சுதந்திர மென்பொருள் என்று பொருள். 2003 வாக்கில் பிரான்சில் ஒரு சங்கத்தார் சேர்ந்து வெளியிட்டது. அந்தப் பெயரைப் பேரனுக்கு உச்சரித்துக் காட்டினேன். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு என் பிரெஞ்சுக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்தது.

பெயரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் புகாரிலிருந்து தொடங்கவில்லை, சாதனப் பட்டியலிலிருந்து தொடங்கினார்கள். எந்த அறையில் எந்த மெஷின், எப்போது வாங்கியது, உத்தரவாதம் எதுவரை என்று முதலில் எழுதிவிட்டு, புகாரை அந்த மெஷினோடு முடிச்சுப் போடுவது. நம் பாஷையில், தளவாடப் பதிவேட்டையும் மனுப் பதிவேட்டையும் ஒரே புத்தகமாகத் தைப்பது.

இரண்டாவது ஆச்சரியம் நம் ஊர்க்காரர்கள். ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர்ப் பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா போனவர். 1996-இல் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பெனி அட்வென்ட்நெட் என்ற பெயரில் வளர்ந்து 2009-இல் ஜோஹோ ஆனது. அவர்களுடைய மேனேஜ்என்ஜின் பிரிவின் 'சர்வீஸ்டெஸ்க் பிளஸ்' பேரனின் தாள்களில் ஒன்று. வேம்பு பிறகு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் குடியேறி அங்கிருந்தே வேலை பார்த்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அதே கம்பெனியில் வேலை பார்த்தவர் திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு மாத்ருபூதேஸ்வரர் என்று வடமொழிப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து சாமான்களைச் சென்னைக்கு அனுப்பியபோது அவருடைய டிவி உடைந்து வந்தது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் நடந்ததை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிய பிறகுதான் மன்னிப்பும் பணமும் வந்தன. தனியாக வந்த புகாருக்கு இல்லாத பலம், ஊர் பார்க்க வந்த புகாருக்கு இருந்தது. அந்தச் சமயத்தில் டென்மார்க்கில் 2007-இல் தொடங்கிய ஜென்டெஸ்க் என்ற கம்பெனி விலையைக் கடுமையாக ஏற்றிவிட்டது என்ற செய்தியும் அவர் கண்ணில் பட்டது. இரண்டையும் சேர்த்து யோசித்து, வேலையை விட்டு, 2010-இல் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியுடன் சென்னை கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்தார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. ஃப்ரெஷ்ஒர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. கிரிஷ் பெரிய ரஜினி ரசிகர். பங்கு வெளியீட்டு வேலைக்கு 'புராஜெக்ட் சூப்பர்ஸ்டார்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். எண் போட்டு மனு வாங்கும் வேலையில் இத்தனை பணம் இருக்கும் என்று நம் பிரிவில் யாராவது சொல்லியிருந்தால் மருத்துவ விடுப்பில் அனுப்பியிருப்போம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இவற்றில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஜென்டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் போன்றவை வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வந்தவை. சர்வீஸ்டெஸ்க் பிளஸ், 2014-இல் வந்த ஃப்ரெஷ்சர்வீஸ், ஜிஎல்பிஐ ஆகியவை உள்ளே இருக்கும் ஊழியர்களுக்கும் அவர்கள் மெஷின்களுக்குமானவை. பேரன் பிரிவில் பாதிப் பேர் முதல் ஜாதியைப் பார்த்து மயங்கிக் கிடந்தார்கள், திரை அழகாக இருக்கிறது என்று. ஆஸ்பத்திரிக்கு வேண்டியது இரண்டாவது. எந்த வார்டில் எந்த மெஷின் மறுபடி மறுபடி படுத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா?

விலைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. ஒன்பது பேருக்குக் கட்ட மனமில்லாமல் மூன்று பேருக்கு வாங்கி, ஒரே பெயரில் பலரும் நுழையும் வழக்கம் பல இடங்களில் உண்டாம். அப்போது யார் எதைச் செய்தார் என்பதே போய்விடும். ஒரே பேனாவில் மூன்று எழுத்தர்கள் சுருக்கொப்பம் போடுவது போல. "அப்படி வாங்குவதானால் வாங்காதே, நோட்டுப் புத்தகமே மேல்" என்றேன்.

இலவசத்துக்கும் செலவு உண்டு. சொந்தமாக ஒரு சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் திண்டாட்டம். முன்னே சொன்ன ஓடிஆர்எஸ்-இன் இலவசப் பதிப்பை 2021 பிறந்தபோது கம்பெனியே கைவிட்டுவிட்டது. வேறு சிலர் எடுத்து வேறு பெயரில் நடத்துகிறார்கள். ஆகவே எதை வாங்கினாலும், நம் பதிவேடுகளை முழுசாக வெளியே எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அலுவலகம் மாறினால் பதிவேடு வண்டியில் ஏறி வந்தாக வேண்டும்.

மனுநீதிச் சோழன் மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, அவ்வளவுதான். எந்தப் பிரிவின் கீழ் புகார் என்று யாரும் அதைக் கேட்கவில்லை. பேரன் காட்டிய ஒரு திரையில் புகார் கொடுக்கவே பதினோரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. ராத்திரி ஷிப்டில் இருக்கும் வார்டு உதவியாளர் அதை நிரப்பப் போவதில்லை. போன் பண்ணுவார், நம் பையன் "சரிம்மா" என்பான், கணக்கில் ஏறாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் போல, போனை எடுப்பவனே தமிழில் இரண்டு வரி தட்டி எண் போட்டுவிட வேண்டும் என்று பேசி முடித்தோம்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எல்லா அழைப்பையும் ஒரு நீள நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். தேதி, நேரம், யார், எந்த மெஷின், என்ன, எப்போது சரியானது, மறுபடி வந்ததா. எழுதினார்கள், முணுமுணுத்துக்கொண்டே. பாதிக்கு மேல் பாஸ்வேர்டும் பிரிண்டரும்தான். அதைவிட முக்கியம், ஒரே மாடியிலிருந்து இருபது நாளில் ஏழு தடவை 'நெட் இல்லை' என்று வந்திருந்தது. ஏழையும் வேறு வேறு ஆள் போய் வேறு வேறு விதமாகச் 'சரி' செய்திருந்தார்கள். சுவருக்குள் ஒரு வயர் எலி கடித்துக் கிடந்ததாம். சாஃப்ட்வேர் வாங்கும் முன்பே நோட்டு தன் கூலியைக் கொடுத்துவிட்டது.

கடைசியில் ஜிஎல்பிஐ-யைத்தான் சோதனைக்கு ஏற்றியிருக்கிறார்கள். என் பிரெஞ்சுக்காக அல்ல. சர்வர் பார்க்க இரண்டு பேர் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், சாதனப் பட்டியலும் கையோடு முடிகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டு மற்றவற்றோடு ஒப்பிடுவார்களாம். மாதக் கூட்டத்தில் மூடிய எண்ணிக்கைக்கு முன்னால், மறுபடி திறந்த எண்ணிக்கையை வாசிக்க வேண்டும் என்பதற்கு மேலதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பேரன் போனில் கேட்டான், "தாத்தா, முடிஞ்ச டிக்கெட்டை எத்தனை வருஷம் வச்சிருக்கணும்?" ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என நாம் பிரித்ததைச் சொன்னேன். பாஸ்வேர்டு புகார்களுக்கு ஓ.மு., மெஷின் ரிப்பேருக்கு மூ.மு., லேப் ரிசல்ட் சம்பந்தப்பட்டதற்கு ப.மு. என்று வைத்திருக்கிறார்கள். திரையிலும் அதே எழுத்துகளைத்தான் போட்டிருக்கிறானாம். கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அர்த்தம் புரியவில்லை என்று என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிடுகிறான். வெயில் தணிந்ததும் ஒரு நாள் மதுரைக்குப் போக வேண்டும்.